வாடகை: பூஜ்யம்

ஏப்ரல் 1, செவ்வாய்

மாதக் கணக்கு. இவர் சம்பளம் 17,500. என் சம்பளம் 9,800. ஆக 27,300.

வாடகை 0
மளிகை, பால், காய் 8,400
சீட்டு 5,000
சோபிகா படிப்பு 3,200 (டியூசன் பாக்கி, இத்தோடு முடிந்தது)
பெட்ரோல் 1,900
இவருக்குச் சர்க்கரை மாத்திரை 1,150
கேஸ், கரண்ட், போன் 2,050
இதர 1,500

மீதி 4,100.

வாடகையே இல்லையென்றால் அந்த வரியை எதற்கு எழுதுகிறாய் என்று மகள் சோபிகா ஒவ்வொரு மாதமும் கேட்பாள். எழுதத்தான் வேண்டும். ஊரில் யார் வீட்டுக் கணக்கை வாங்கிப் பார்த்தாலும் முதல் வரி வாடகைதான், பெரிய வரியும் அதுதான். அந்த இடத்தில் முட்டை போட்டு வைத்திருப்பவள் நான். அதை எழுதிப் பார்க்கிற சந்தோசத்தையாவது விட்டுவைக்கக் கூடாதா?

மூன்று வருடம் முன்பு கூடல்நகரில் எட்டாயிரம் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தோம். இன்னும் ஆயிரம் கூட்டப்போவதாக வீட்டுக்காரர் சொன்ன அன்றைக்கு, இனி ஒருவனுக்கும் வாடகை கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். இவர் பங்குக்கு வந்த நிலத்தை விற்ற நாலு லட்சம், சீட்டு எடுத்த இரண்டு, நான் சேர்த்த ஒன்று, ஆக ஏழு லட்சத்தைத் திரட்டி ஆனையூரில் சேதுராமன் அண்ணன் வீட்டு மாடியை ஒத்திக்குப் பிடித்தேன். மூன்று வருடத்துக்கு வாடகை கிடையாது. காலி செய்யும்போது ஏழும் முழுதாகத் திரும்ப வரும். வருகிற ஜூன் பத்தோடு ஒத்தி முடிகிறது. அந்தப் பணம்தான் சோபிகாவின் நர்சிங் படிப்பு.

இவர் பார்சல் ஆபீசில் புக்கிங் கிளார்க். இருபது வருடமாக அடுத்தவர் சாமானுக்கு ரசீது போடுகிற மனுசனுக்குச் சொந்தமாக ஒரு கணக்கு போடத் தெரியாது. அதனால் வீட்டுக் கணக்கு என் கையில்.

"இதரன்னா என்னம்மா?" என்று சோபிகா கேட்டாள். இதர என்றால் இதர என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வீடு கழுவினேன். தலையணை உறை துவைத்தேன். கீழே சேதுராமன் அண்ணன் சம்சாரம் வனஜா கருவாட்டுக் குழம்பு வைத்து என் தூக்குவாளி நிறையக் கொடுத்தனுப்பினாள். வீட்டுக்காரி என்ற பெருமையே கிடையாது அவளுக்கு. வாய் நிறைய வள்ளிக்கா, வள்ளிக்கா என்பாள். சுந்தரவள்ளி என்ற என் முழுப்பெயரே எனக்கு மறந்துபோகும்.

நேற்று அவர்கள் வெளியே போயிருந்தபோது சேதுராமன் அண்ணன் பெயருக்கு ரிஜிஸ்தர் தபால் வந்தது. இந்த வருடத்தில் இது மூன்றாவது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தேன். மேலே பாங்கு பெயர். அடுத்தவர் தபாலைப் பிரிக்கிற பழக்கம் எனக்கில்லை. பாங்கிலிருந்து யாருக்குத்தான் தபால் வரவில்லை. காலையில் கொடுத்தபோது வனஜா பிரிக்காமலே மடித்து அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டுவிட்டாள்.

வளையல் கறுத்துப்போகிறது. எலுமிச்சம்பழத் தோல் போட்டுத் தேய்த்தேன்.

ஏப்ரல் 19, சனி

கடையில் இன்று நல்ல கூட்டம். எண்ணெய் லிட்டருக்கு ஆறு ரூபாய் ஏறிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் பில் போடுகிற என்னிடம் சண்டைக்கு நிற்கிறார்கள். ஏதோ ராத்திரி நானே செக்காட்டி விலை வைத்த மாதிரி.

மத்தியானம் சாப்பிட வந்தபோது இரண்டு பேர் டேப் வைத்து வீட்டை அளந்துகொண்டிருந்தார்கள். மாடிக்கும் வந்து போட்டோ எடுத்தார்கள். வெயிலில் வந்திருக்கிறார்களே என்று மோர் கொடுத்தேன். ஒருவர் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், வாடகை எவ்வளவு என்று கேட்டார். வாடகையே இல்லை, ஒத்தி என்று சொன்னேன். அவர் தன் கூட வந்தவரைப் பார்த்தார். வீட்டு வரி கூட்டுவதற்காக அளக்கிறார்கள் என்று சேதுராமன் அண்ணன் பிறகு சொன்னார். வரி அவர் பாடு.

மே 8, வியாழன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. சோபிகா 541. நான் பில் மெசினை அப்படியே விட்டுவிட்டு அழுதேன். முதலாளியே எழுந்து வந்து ஒரு சாக்லேட் டப்பாவைக் கையில் கொடுத்தார். சம்பளத்தில் பிடிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரி பார்த்து வைத்திருக்கிறோம். வருடத்துக்கு ஒரு லட்சத்து நாற்பது. நாலு வருடத்துக்கு ஐந்து லட்சத்து அறுபது. ஏழில் அது போக மீதி ஒன்று நாற்பது, வேறு வீட்டுக்கு அட்வான்சுக்கு ஆகும். கணக்கு ஒரு ரூபாய் பிசகாமல் நிற்கிறது. வேறு கல்லூரிக்கு விண்ணப்பம் போடலாமா என்று இவர் கேட்டார். எதற்கு வீணாக ஐந்நூறு ஐந்நூறாகச் செலவு? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இத்தனை நாளில் வந்த செலவுகளிலேயே பெரிய செலவு இதுதான். வரட்டும். அதற்கான காசு கீழ் வீட்டில் இருக்கிறது.

மே 15, வியாழன்

கீழே போய் ஜூன் பத்தை ஞாபகப்படுத்தினேன். சேதுராமன் அண்ணன் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். பந்தல் சாமான், பாத்திரம் வாடகைக்கு விடுகிற தொழில் அவருக்கு. வாசலில் எப்போதும் இருநூறு நாற்காலி அடுக்கியிருக்கும். இன்று எண்ணிப்பார்த்தால் நாற்பதுகூட இல்லை. முகூர்த்த நாள் போலிருக்கிறது.

"அடுத்த பார்ட்டிக்குச் சொல்லி வச்சிருக்கேன் தங்கச்சி. அவுக வந்து குடுத்தவொடன ஒங்களுக்குத் தந்துருவேன்" என்றார்.

ஒத்தி என்றால் மதுரையில் இப்படித்தான். நாம் கொடுக்கிற பணம் நமக்கு முன்னால் இருந்தவர்களுக்குப் போகும். நமக்கு வருவது நமக்குப் பின்னால் வருகிறவர்களின் பணம். எந்த வீட்டுக்காரரும் அதைப் பீரோவில் வைத்துக்கொண்டிருப்பதில்லை. இது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாங்கள் வந்தபோதும் எங்களுக்கு முன்னால் இருந்த வாத்தியார் குடும்பம் சாமானை வண்டியில் ஏற்றிவிட்டு எங்கள் பணத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. எண்ணி வாங்கிய பிறகுதான் வண்டி கிளம்பியது.

மே 23, வெள்ளி

வேலை முடிந்து வரும்போது வாசலில் ஆட்கள். சுவரில் பாங்கு ஒரு பெரிய நோட்டீசை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது. தமிழிலும் இங்கிலீசிலும். கடன் முப்பத்தோரு லட்சம். கட்டாததால் வீட்டைப் பாங்கு எடுத்துக்கொண்டதாகவும், இந்த வீட்டை வைத்து யாரும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் செய்யக்கூடாது என்றும் போட்டிருந்தது. இரண்டு தடவை படித்தேன். எங்கள் ஏழு லட்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பயப்பட வேண்டாம், இதெல்லாம் நடைமுறை, பேசி முடித்துவிடலாம் என்றார் சேதுராமன் அண்ணன். பேசிக்கொண்டே தண்ணீரை ஊற்றி நோட்டீசைச் சுரண்டினார். பிறகு அந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்தார். இப்போது அந்தச் சதுரம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது, மற்ற சுவரெல்லாம் அழுக்கு.

மே 26, திங்கள்

இவர் லீவு போட்டுவிட்டுப் போய் வீட்டுக்கு வில்லங்கம் எடுத்து வந்தார். நாங்கள் ஒத்திக்கு வருவதற்கு நாலு மாதம் முன்பே பத்திரம் பாங்குக்குப் போய்விட்டது. தேதியோடு பதிவாகியிருக்கிறது. பேப்பரை என் முன்னால் வைத்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

மூன்று வருடம் முன்பே வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம் என்றார் இவர். நான்தான் தடுத்தேன். முந்நூறு ரூபாய் செலவு என்பதற்காக இல்லை. நல்லபடியாகப் பழகுகிறவர்களிடம் உங்கள் மேல் சந்தேகம் என்று காட்டிக்கொண்டால் முகம் முறிந்துவிடும். வீட்டை வேறு பார்ட்டி கொத்திக்கொண்டு போய்விடும். என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இவர் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டினால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

மே 28, புதன்

வக்கீலைப் பார்த்தோம். ஐந்நூறு ரூபாய். எங்கள் ஒப்பந்தத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி, பதிவே செய்யாதது பாங்குக்கு முன்னால் நிற்காது என்றார். சேதுராமன் மேல் கேஸ் போடலாம். ஜெயிக்கலாம். ஏழெட்டு வருடம் ஆகும். ஜெயித்தாலும் அவரிடம் இருந்தால்தானே வாங்க முடியும்?

"இந்த ஏழுக்காவது ஒரு பேப்பர் இருக்கு. கேஸ்னு போட முடியும். பேப்பரே இல்லாம குடுத்துட்டு வந்து நிக்கிறாங்களே, அவங்களுக்கு நான் என்ன சொல்ல?" என்றார்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயில்.

ஜூன் 1, ஞாயிறு

வாடகை 0. இதர 2,000, வக்கீலையும் சேர்த்து. மற்றதெல்லாம் போன மாதம் போலத்தான். இன்றைக்குக் கூட்டிப் பார்க்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஒத்தி முடிந்தது. இட்லிக்கு ஊறப்போட்டேன்.

ஜூன் 12, வியாழன்

வனஜா மேலே வந்தாள். இளைத்துவிட்டாள். ஒரு பார்ட்டி வந்திருக்கிறதாம், சின்னக் குடும்பம், ஏழரைக்குச் சம்மதமாம்.

"வீட்டுல இருக்குறது நீங்க. நீங்க நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்க்கா, அவுக நம்பிருவாக. குடுக்குறத நாங்க தொடக்கூட மாட்டோம். அப்படியே ஒங்க கையில வாங்கிக்கங்க."

நோட்டீசு என்று நான் இழுத்தேன். அதுதான் சுண்ணாம்பு அடித்தாயிற்றே என்றாள்.

கல்லூரியில் முதல் தவணை எழுபதாயிரம். ஜூன் இருபத்தைந்து கடைசி நாள். கல்விக் கடனுக்கு இவர் இரண்டு பாங்கு ஏறி இறங்கிவிட்டார். சிநேகிதனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பழைய கடன் ஒன்று கட்டாமல் கிடப்பதால் இவர் பெயரைத் தட்டினாலே கம்ப்யூட்டரில் முடியாது என்று வருகிறதாம். இவர் கையெழுத்துப் போடுகிற இடமெல்லாம் இப்படித்தான்.

ஞாயிறு வரச்சொல் என்றேன். வேறு வழியில்லை. எங்களை யார் பாவம் பார்த்தார்கள், நான் பாவம் பார்ப்பதற்கு? இவரிடம், வீடு பார்க்க ஆள் வருகிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

வந்தார்கள். அவன் பேரிங் கடையில் வேலை பார்க்கிறான். அவள் பெயர் கீர்த்தனா, இருபத்தைந்து இருக்கும். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. சோபிகா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

தண்ணீர் வருமா என்று கேட்டாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், தொட்டி பெரிசு என்றேன். காற்று எப்படி என்றாள். ஆடி மாதம் ஃபேனே வேண்டாம் என்றேன். பஸ் ஸ்டாப் நாலு நிமிசம். பால்வாடி பின் தெருவில். கொசு கொஞ்சம் உண்டு, அதையும் சொன்னேன். நான் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

கடைசியில் அவள் கேட்டாள். "வாடகை இல்லாம இருக்குறதுல மாசம் எவ்வளவுக்கா மிஞ்சும்?"

ஒரு பெரிய சீட்டே போடலாம் என்றேன். அவள் புருசனைப் பார்த்துச் சிரித்தாள். கூடல்நகர் வீட்டில் நான் இவரைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. புதன்கிழமை அட்வான்ஸ் ஐம்பதாயிரம் கொண்டுவருவதாகச் சொன்னார்கள்.

இவர் அவர்களைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். சோபிகாவும் பால் வாங்க இறங்கிப் போனாள். நான் டீ டம்ளரைக் கழுவினேன். குழந்தை ஒரு சின்னச் சாக்சை விட்டுவிட்டுப் போய்விட்டது. அதை ஜன்னலில் வைத்திருக்கிறேன். புதன்கிழமை கொடுக்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

அரைநாள் லீவு போட்டுக் காத்திருந்தேன். வரவில்லை. வனஜா போன் போட்டதற்கு, வில்லங்கம் எடுத்துப் பார்த்துவிட்டோம், நல்லவேளை ஒருத்தங்க சொன்னாங்க என்று சொல்லிவிட்டு கீர்த்தனா புருசன் போனை வைத்துவிட்டானாம்.

யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்கவே தேவையில்லை. தெருமுனை வரை போனது யார்? செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் கேட்டேன்.

வாசற்படியிலேயே நின்றார். சோபிகாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமா, நாந்தேன் சொன்னேன்."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். எழுதக் கூசுகிறது, ஆனால் திட்டியதற்கு வருத்தமில்லை. ஊரானுக்கு நல்லது செய்ய இவருக்கு நாள் பார்த்து வாய் திறக்கிறது. வீட்டுக்கு என்றால் ஊமை. சொந்த மகளின் படிப்பைத் தெருமுனையில் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். சோபிகா இடையில் ஏதோ சொல்ல வந்தாள். நீ உள்ளே போ என்று அவளையும் விரட்டினேன்.

ஜூன் 19, வியாழன்

பேச்சில்லை.

ஜூன் 21, சனி

பேச்சில்லை. மாத்திரை தீர்ந்துவிட்டது என்று சோபிகா வழியாகச் சொல்லியனுப்பினார். வாங்கி வைத்தேன்.

ஜூன் 25, புதன்

இன்று கடைசி நாள். மூன்று மணிக்குக் கல்லூரியிலிருந்து போன். நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வருகிறீர்களா, சீட்டை அடுத்தவருக்குக் கொடுக்கட்டுமா என்று ஒரு பெண் நல்லவிதமாகவே கேட்டாள். பின்னால் வரிசையில் எட்டுப் பேர். கொடுத்துவிடுங்கள் என்றேன். அடுத்து வந்தவருக்கு இரண்டு கிலோ துவரம்பருப்பை நாலு கிலோவாகப் போட்டுவிட்டேன். அவர் பார்த்துச் சொன்னதால் தப்பித்தேன்.

அரசு கலைக் கல்லூரிக்குப் போட்டிருக்கலாம். தேதி எப்போதோ முடிந்துவிட்டது. வேண்டாம் என்று சொன்னவள் நான்.

சோபிகாவிடம் சொன்னேன். தெரியும்மா என்றாள். சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனவள் ரொம்ப நேரம் கழித்து வந்தாள்.

ஜூலை 1, செவ்வாய்

வாடகை 0. இந்த மாதமும் பூஜ்யம்தான். எழுதும்போது கை கூசியது.

ஜூலை 6, ஞாயிறு

விடிந்து பார்த்தால் கீழ்வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறது. நாற்காலி இல்லை, அண்டா இல்லை, செருப்பு ஸ்டாண்டுகூட இல்லை. இரண்டு பேர் போனும் அணைந்து கிடக்கிறது.

என்னுடைய தூக்குவாளியைக் கழுவித் துடைத்து மாடிப்படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் வனஜா. அடுத்தவர் பாத்திரத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் நின்றபாடில்லை.

ஜூலை 8, செவ்வாய்

போலீஸ் ஸ்டேசன். சிவில் விசயம் என்றார்கள். ரசீது கொடுத்தார்கள். எங்களைப் போல இன்னும் இரண்டு பேர் சேதுராமன் மேல் புகார் கொடுத்திருக்கிறார்களாம். ஒருவர் இதே மாடிக்கு அட்வான்ஸ் கொடுத்தவர். இதே மாடிக்கு.

திரும்பி வரும்போது இவரும் நானும் ஒரே வண்டியில். இத்தனை நாள் கழித்து முதல் வார்த்தை நான்தான் பேசினேன், பள்ளம் பார்த்துப் போங்க என்று.

ஜூலை 24, வியாழன்

பாங்கு அதிகாரி, இரண்டு போலீஸ், ஒரு பூட்டுக்காரர். கீழே சீல் வைத்தார்கள். எங்களுக்கு ஜூலை 31 வரை அவகாசம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஏப்ரலில் வீட்டை அளக்க வந்தவரும் கூட வந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டார். பாவம், மோர் குடித்தவர்.

ஜூலை 27, ஞாயிறு

சாமான் கட்டினோம். பார்சல் ஆபீசிலிருந்து இவர் பழைய அட்டைப் பெட்டிகளும், பெட்டி மேல் எழுதுகிற கறுப்பு மார்க்கரும் கொண்டுவந்திருந்தார். சாமான் கட்டுவதில் இவரை அடிக்க ஆளில்லை. ஒரு டம்ளர்கூட உள்ளே ஆடவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் சமையல், துணி, சாமி படம் என்று எழுதி நம்பர் போட்டார். பதினாலாவது பெட்டி சோபிகா புத்தகம். அதை ஒட்டும்போது மட்டும் டேப் இரண்டு தடவை அறுந்தது.

டீ குடிக்க உட்கார்ந்தபோது அந்தப் பதினாலாம் பெட்டியின் பக்கவாட்டில் மார்க்கரால் ஏதோ எழுதினார். ஏழு லட்சம், வகுத்தல் முப்பத்தாறு. கணக்குப் போடாத மனுசன், நிதானமாக வகுத்துக்கொண்டே போனார்.

"மாசம் பத்தொம்பதாயிரத்து நானூத்துச் சொச்சம், வள்ளி. இந்தத் தெருவுலயே நாமதேன் சாஸ்தி வாடக குடுத்துருக்கோம்."

அவர் குத்திக்காட்டவில்லை. அதிசயமாகத்தான் சொன்னார். அப்படிச் சொன்னதால்தான் தாங்க முடியவில்லை. மார்க்கரை அவர் கையிலிருந்து வாங்கினேன். ஏழை அடித்து எட்டாக்கினேன். கீழே 22,222 என்று எழுதினேன்.

போன வருடம் வனஜா வந்து, வேறு பார்ட்டி எட்டு தருகிறது, ஒரு லட்சம் ஒத்தியைக் கூட்டிக்கொடுத்தால் நீங்களே இருக்கலாம், இல்லையென்றால் காலி செய்ய வேண்டிவரும் என்றாள். திரும்பவும் வாடகை வீட்டுக்குப் போகிறதா என்ற நினைப்பே எனக்குக் குமட்டியது. இவரிடம் கேட்டால் பேப்பர் கேட்பார், வில்லங்கம் கேட்பார். சோபிகாவுக்கென்று வைத்திருந்த மூன்று பவுன் வளையலை அடகு வைத்துக் கொடுத்தேன். பேப்பர் கேட்கவில்லை. ஒரே குழம்பைச் சாப்பிடுகிறவளிடம் எப்படிக் கேட்பது? அன்றிலிருந்து கையில் கிடப்பது கவரிங். மாதம் ஆயிரத்து ஐந்நூறு வட்டி. அதுதான் இதர.

இதையெல்லாம் இங்கே எழுதியிருக்கிற அளவுக்கு அவரிடம் சொல்லவில்லை. வளையல் என்று ஆரம்பித்தேன், அதற்குள் புரிந்துகொண்டார். என் கையைப் பார்த்தார். அவருடைய டீயில் ஆடை கட்டிவிட்டது.

அப்போது சோபிகா சொன்னாள். "அப்பா ஒண்ணும் சொல்லலம்மா. கீர்த்தனா அக்காகிட்ட சொன்னது நாந்தேன். பால் வாங்கப் போறப்ப."

நான் அவரைப் பார்த்தேன். அவர் பெட்டிக்கு டேப் தேடினார். டேப் அவர் கையிலேயே இருந்தது.

தெரிந்துதான் சொன்னாயா, சொன்னால் உன் படிப்பு போகும் என்று தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றாள். அவர்கள் நன்றாக இருக்கட்டும், தர்மம், அப்படி ஒன்றும் அவள் பேசவில்லை. அந்த அக்கா அட்வான்சுக்கு வளையலை விற்கப்போவதாகச் சொன்னாள், அதனால் வாயில் வந்துவிட்டது என்றாள். அவ்வளவுதான்.

நாற்பது நாள் முன்னால் இந்த மனுசனை என்னவெல்லாம் பேசினேன். ஜன்னலிலிருந்து அந்தச் சாக்சை எடுத்து எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். நான் மோசமானவள் என்று எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் குறையும் என்பார்கள். குறையவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நேற்று மாறினோம். விளாங்குடியில் ஒரு சந்து. ஒரு அறை, ஒரு அடுப்படி. வாடகை 7,500. அட்வான்ஸ் நாற்பதாயிரத்துக்குச் சீட்டைத் தள்ளி எடுத்தேன், ஒன்பதாயிரம் நட்டம். வீட்டுக்காரர் ஒத்திக்கு வேண்டுமானாலும் தருகிறேன் என்றார். இவர் என்னைப் பார்க்காமல், வாடகையே போதும் என்று சொல்லிவிட்டார்.

தண்ணீர் எப்போது வரும் என்று கேட்க மறந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சோபிகா எங்கள் கடையிலேயே சேர்ந்துவிட்டாள். அடுத்த வருடம் படிக்கலாம் என்று நான் சொன்னேன். சரிம்மா என்றாள். இரண்டாவது கவுண்டர். நான் முதல் கவுண்டர். யூனிபார்ம் சேலை அவளுக்கு நீளம். முதலாளி வந்து, டப்பா சாக்லேட் வாங்கிய பாப்பாதானே என்று கேட்டார். கெட்டிக்காரி, அரைநாளில் பில் மெசினின் கோடு நம்பர் எல்லாம் படித்துவிட்டாள். கெட்டிக்காரி என்பது எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இவருக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பத்து. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறார், காசை மிச்சம் பிடிக்க. அட்டையை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கிறார், மறைப்பதற்கு.

செப்டம்பர் 1, திங்கள்

மாதக் கணக்கு. மூன்று பேரும் உட்கார்ந்திருக்கும்போதே போட்டேன். இனிமேல் அப்படித்தான்.

இவர் 17,500. நான் 9,800. சோபிகா 8,500. ஆக 35,800. இந்த வீட்டுக்கு இவ்வளவு வருமானம் வந்ததே இல்லை.

வாடகை 7,500
மளிகை, பால், காய் 8,900
சீட்டு 5,000
வளையல் வட்டி 1,500
மாத்திரை, டாக்டர் 2,300
பெட்ரோல் 2,200
கேஸ், கரண்ட், போன் 2,100

கூட்டப் போனேன். ஒரு வரி விட்டுப்போச்சு என்றாள் சோபிகா. எல்லாம் எழுதியாயிற்றே என்றேன். பேனாவை வாங்கினாள்.

"இல்லேன்னாலும் எழுதத்தானம்மா வேணும்" என்றாள். அவள் கையெழுத்து என்னுடையதைவிட அழகு.

படிப்பு 0